ஒரு சாண் பள்ளம்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே சாப்பாடு, வேலை, தூக்கம் எல்லாம் ஏதோ ஓடுகிறது. உன் முதுகு வலி குறைந்ததா? வீட்டில் குனிகிறாயோ இல்லையோ, அலுவலக மேசையில் நாள் முழுக்கக் குனிந்துதானே இருக்கிறாய்.

போன வாரம் போனில் பேசியதைப் பேச்சு என்றே சொல்ல முடியாது. என் முதுகுக்குப் பின்னால் ஏழு பேர் சத்தம். நான் கத்தினேன், நீ “சரி, சரி” என்றாய். வைத்த பிறகுதான், விஷயத்தை இரண்டு பேரும் தொடவே இல்லை என்று உறைத்தது. எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் இனி எழுதப்போகிறேன்.

செப்டம்பரோடு இந்தக் கப்பல் பட்டறை ஒப்பந்தம் முடிகிறது. வெல்டிங் போதும் அக்கா. பதினொரு வருடம் எட்டுப் பேர் அறையில் மேல் கட்டிலில் படுத்தாயிற்று. அங்கே என் மனைவியும் மகளும் அதே பதினொரு வருடமாக என் மாமனார் வீட்டு ஓர் அறையில் ஒதுங்கிக் கிடக்கிறார்கள். மாமனார் வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பதையே தினமும் சொல்லிக் காட்டுகிறாராம்.

அப்பா பாகம் பிரித்தபோது வீடு உனக்கு, ஓடைக்கரை நிலம் எனக்கு என்று ஆனது. ஊர் வழக்கப்படி சொந்த நிலத்தில் குடும்பத்துக்கு ஒரு வீடு கட்டிக்கொள்ள உரிமை உண்டு என்பதால் நானும் மறுபேச்சு பேசவில்லை. வெல்டிங் கம்பி வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து வீட்டை வரைந்து வைத்திருக்கிறேன். மூன்று அறை, ஒரு சமையலறை. சமையலறை ஜன்னல் ஓடையைப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே நிபந்தனை.

இப்போது அவள் சந்தையில் கேட்டு வந்து சொல்கிறாள்: ஏதோ வரைபடம் போடுகிறார்களாம், ஓடைப் பக்கம் யாரும் வீடே கட்டக்கூடாதாம். வரைபடம் போடுகிற அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பது நீ. உண்மையா?

உடனே பதில் போடு.

அன்புடன்,
தம்பி

*

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. முதுகு இருக்கிற இடத்தில் இருக்கிறது, வலியும் கூடவே இருக்கிறது. நீ சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். உன் கையெழுத்துக்கு என்ன ஆயிற்று? வரிகள் எல்லாம் வலப்பக்கம் போகப் போக மேலே ஏறுகின்றன.

நீ கேட்டது உண்மைதான். நான்கு வருடத்தில் இரண்டு வெள்ளம் பார்த்த பிறகு, எந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்று ஊர் மன்றம் ஒரு திட்டம் போட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. வரைபடத்தில் மூன்று நிறம். மஞ்சளில் வீடு கட்டலாம். பச்சையில் பயிர் மட்டும். நீலம் தண்ணீருக்கு. அங்கே இருக்கிற வீட்டைப் பழுது பார்க்கலாம், புதுக் கூரை எழுப்ப முடியாது. முதல் வெள்ளத்தைவிட இரண்டாவது வெள்ளம் ஒரு முழம் உயரமாக வந்தது. அடுத்தது இன்னும் ஏறும் என்கிறார்கள், மழை பெய்கிற விதமே மாறிவிட்டதே. அதனால் கடைசி வெள்ளம் நின்ற அடையாளத்துக்கு மேல் இன்னொரு முழம் சேர்த்து நீலக் கோடு. திட்டம் முடிவாகும் வரை ஜனவரியிலிருந்து எந்த வீட்டு விண்ணப்பமும் வாங்குவதில்லை.

அளக்கிற வேலை என்னுடையது. மூன்று கால் கருவியை நான் தூக்குகிறேன், செயின்மேன் அளவுக் கம்பைப் பிடிக்கிறார். ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கிற மனிதர். ஒவ்வொரு வரப்பிலும் நின்று, “இந்த வேலைக்கு ஆடு மேய்ச்சிருக்கலாம்மா, ஆடாவது நம்மள மதிக்கும்” என்கிறார். ஊரில் எனக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள், கோட்டம்மா. கடைக்குப் போனால் பேச்சை நிறுத்திவிட்டு என் செருப்பைப் பார்க்கிறார்கள்.

ஓடைக்கரைப் பக்கம் இன்னும் போகவில்லை. போனதும் எழுதுகிறேன். அதுவரை மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

இப்படிக்கு,
அக்கா

*

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

நலம். நீயும் அப்படியே இரு. மேல் கட்டிலில் மடியில் அட்டையை வைத்து எழுதினால் வரி மேலே ஏறாமல் என்ன செய்யும்?

போன வெள்ளம் நம் நிலத்தைத் தொடவில்லை என்று உனக்கே தெரியும். பக்கத்து நாற்றுத் தோட்டம் வரை வந்து நின்றது. பிறகு எதற்கு இந்த ஒரு முழம்? வராத வெள்ளத்துக்கு வரைபடத்தில் இடம் ஒதுக்குகிறீர்கள், பதினொரு வருடமாக வரக் காத்திருக்கிறவனுக்கு இடம் இல்லை என்கிறீர்கள். இதை மன்றத்தில் யாராவது கேட்டார்களா?

சீக்கிரம் அளந்துவிடு. தெரியாமல் இருப்பதுதான் தூங்க விடமாட்டேன் என்கிறது.

தம்பி

*

ஏப்ரல் 6

அன்புத் தம்பிக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் கேட்காதே. வேலை என்று சொல்லலாம், நீ நம்ப மாட்டாய். உடம்பு எப்படி இருக்கிறது?

நம் நிலத்தை மார்ச் நடுவிலேயே அளந்துவிட்டேன். நீலக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே இருக்கிறது.

மூன்று முறை அளந்தேன். முதல் முறை கம்பு சாய்ந்திருக்கும் என்று நினைத்தேன். இரண்டாம் முறை கருவியின் கால் மண்ணில் இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். மூன்றாம் முறை செயின்மேன் கம்பைத் தோளில் சாத்திக்கொண்டு, “இன்னும் எத்தனை தடவம்மா? அளந்தா நிலம் வளருமா?” என்று கேட்டார். திட்டுகிற குரலில் இல்லை. பிறகு தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். 

வரைபடத்தை மே மாதம் முழுக்க ஊர் மன்றக் கூடத்தில் மாட்டி வைப்பார்கள். ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். ஜூலையில் கூட்டம், வாக்கெடுப்பு.

உன் மனைவியிடம் நானே போய்ச் சொல்லத்தான் இருந்தேன். அவர்கள் தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டேன்.

அக்கா

*

ஏப்ரல் 19

அக்கா,

சுகமா என்று கேட்கிற மனநிலையில் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

ஒரு சாண்தானே! கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்தால் முடிந்து போகிற அளவு. இரண்டு லாரி மண் அடித்தால் ஏறிவிடும். அதுவும் கூடாது என்றால் உன் நோட்டில் ஒரு சாண் கூட்டி எழுது. எழுதுகிற பென்சில் உன் கையில்தானே இருக்கிறது? யார் வந்து மறுபடி அளக்கப்போகிறார்கள்?

இதுவரை உன்னிடம் எதற்கும் வந்து நின்றதில்லை. இப்போது நிற்கிறேன். ஏன் இவ்வளவு அவசரம் என்று நீ கேட்கலாம். கேட்காதே. செப்டம்பரில் நான் வந்தே ஆக வேண்டும், வந்தால் இருக்க இடம் வேண்டும், அவ்வளவுதான்.

உன் தம்பி

*

மே 2

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு நாள் இருந்தேன். நான் நலம்.

நீ ஒரு சாண் மண் அடித்து ஏற்றினால், அங்கே நிற்க வேண்டிய தண்ணீர் நாற்றுக்கார அம்மா வீட்டுக்குள் போகும். போன வெள்ளத்தில் அவள் பரண் மேல் ஏறி உட்கார்ந்து இரண்டு நாள் இருந்தாள்.

அளவை மாற்றி எழுத என்னால் முடியாது. யாருக்காகவும் மாற்றி எழுதியதில்லை. உனக்காகவும் முடியாது. என்னை வற்புறுத்தாதே.

அக்கா

*

ஜூன் 15

அக்காவுக்கு,

இதை எழுதுவது நான் இல்லை. கீழ்க் கட்டிலில் படுக்கிற கிரேன்காரர். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். நல்ல மனிதர், நம் சண்டையில் எந்தப் பக்கமும் சேர மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தார்.

வரைபடம் மாட்டியிருந்த கடைசி நாளில் என் மனைவி கூடத்துக்குப் போயிருக்கிறாள். மகள்தான் நிறங்களைக் காட்டிக் காட்டிச் சொன்னாளாம். நம் நிலம் நீலம். அதைவிடத் தாழ்வான மரக்கடைக்காரரின் பின்மனை மஞ்சள்! அவள் போனில் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “வெள்ளத்துல அவர் கடை மரமெல்லாம் மிதந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போச்சுங்க. நாலு நாள் கழிச்சு ஆள் விட்டுப் பொறுக்கிட்டு வந்தாரு. மரமே மிதந்த எடம் மேடாம், தண்ணியே வராத நம்ம எடம் பள்ளமாம். உங்க அக்கா எந்தக் கம்ப வச்சு அளந்தாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க.”

கேட்கிறேன். எந்தக் கம்பு அக்கா?

யாருக்காகவும் மாற்றியதில்லை என்று எழுதினாய். அந்த வரியை நம்பினேன். அவளிடம் உனக்காகச் சண்டையும் போட்டேன். “எங்க அக்கா அப்படி இல்ல” என்றேன். மன்றத் தலைவரின் மச்சான் மனை என்றால் ஒரு சாண் என்ன, ஒரு ஆள் உயரமே எழும்புமோ?

அவள் இன்னொன்றும் சொன்னாள். அதை எழுத வேண்டாம் என்று கிரேன்காரரிடம் சொல்லிவிட்டேன்.

எழுத ஏன் ஆள் வைத்தேன் என்று உனக்குத் தோன்றும். கண் நரம்பு வற்றுகிறதாம். பக்கவாட்டில் எதுவும் தெரிவதில்லை, நடுவில் மட்டும் குழாய் வழியாகப் பார்ப்பது போல் தெரிகிறது. போன வருடமே டாக்டர் சொல்லிவிட்டார், போனது போனதுதான், இருப்பதைத் தக்க வைக்கச் சொட்டு மருந்து. பட்டறையில் மறைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். பிப்ரவரியில் ஒரு தகட்டில் இடித்துக்கொண்ட பிறகு வெல்டிங்கிலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டார்கள். என் மனைவிக்கு இன்னும் தெரியாது. பார்வை இருக்கும்போதே ஒரு வீட்டைக் கட்டி, அதன் சுவரையும் படியையும் பழகிக்கொண்டால், பிறகு தட்டுத்தடுமாறி வாழ்ந்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

அவ்வளவுதான். பதில் போடுவதும் போடாததும் உன் இஷ்டம்.

தம்பி

*

ஜூன் 27

என் தம்பிக்கு,

கண்ணைப் பற்றி எழுதிய இடத்தை முதலில் படித்தேன், பிறகும் அதையே படித்தேன். வரி ஏறுகிறதே என்று பிப்ரவரியிலேயே கேட்டேனே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொட்டு மருந்தை ஒரு வேளைகூட விடாதே. உன் மனைவியிடம் சொல்லிவிடு. அவளுக்குத் தெரியாமல் எனக்குத் தெரிந்திருப்பது சரியில்லை.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். உன்னிடம் பொய் எழுதினேன்.

மார்ச் முதல் வாரம், நம் நிலத்தை அளப்பதற்கு முன்பு, மன்றத் தலைவர் என் மேசைக்கு வந்தார். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார். அவரை நீ திருடன் என்று நினைத்துக்கொள்ளாதே, அப்படி இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “இங்க பாரும்மா, நூத்தி எண்பது துண்டு நிலத்துக்கு நீ கோடு போடப் போற. ஒரு துண்டுக்கு மட்டும் கண்ண மூடிக்கோ. மன்றத்துல ஒம்பது பேரு. அதுல மூணு பேரு என் மச்சான் சொன்னாத்தான் கையைத் தூக்குவாங்க. அவனப் பகைச்சுக்கிட்டா திட்டமே போச்சு. ஓடை ஓரமெல்லாம் வீடு மொளைக்கும். அடுத்த வெள்ளத்துல நீயும் நானும் படகு ஓட்டிக்கிட்டுத் திரிவோம்” என்றார்.

அவர் சொன்னது கணக்காகத்தான் இருந்தது. ஒன்றை விட்டால் நூற்று எழுபத்தொன்பது மிஞ்சும். என் வேலை நிரந்தரமாகிற தாளும் அப்போது அவர் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததும் என் காதில் விழுந்தது.

மறுநாள் மரக்கடைப் பின்மனையில் செயின்மேன் கேட்டார், “கம்ப எங்க நிறுத்தட்டும்மா?” அடுக்கியிருந்த மரக்கட்டையின் மேல் கையைக் காட்டினேன். “மரத்து மேலயா?” என்றார். நான் கருவிக்குள் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏறி நிறுத்தினார். அந்த எண்ணை எழுதிக்கொண்டேன்.

அடுத்த வாரம் உன் நிலத்தில் மூன்று முறை ஏன் அளந்தேன் என்று இப்போது உனக்குப் புரியும். ஒரு பொய் எழுதின கை இன்னொன்றும் எழுதும் என்று பயந்தேன். உன் விஷயத்தில் மட்டும் நேர்மையாக இருந்துவிட்டால் முதலில் செய்தது கழுவிப்போகும் என்று நினைத்தேன். கழுவவில்லை. உன் தலையில்தான் விழுந்தது.

ஜூலை பத்தாம் தேதி கூட்டம். அதில் எழுந்து சொல்லப்போகிறேன்.

அக்கா

*

ஜூலை 24

தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. மருந்து போடுகிறாயா? நான் உயிரோடு இருக்கிறேன், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கூட்டம் நடந்தது. கூடம் கொள்ளாத கூட்டம், ஜன்னலிலும் ஆட்கள். முதல் ஒரு மணி நேரம் கத்தல். “எங்க நிலம், எங்க வீடு, நடுவுல கோடு போட இவங்க யாரு?” என்று ஒருவர். “கட்டுற உரிமைய எடுத்துட்டா நெலத்த எவன் வாங்குவான்?” என்று இன்னொருவர். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நாற்றுக்கார அம்மா மட்டும் எழுந்து, “எல்லாரும் பேசி முடிச்சிட்டீங்க. தண்ணிகிட்ட யார் போய்ப் பேசப்போறீங்க?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். கொஞ்சம் சிரித்தார்கள்.

பிறகு நான் எழுந்தேன். அளவு நோட்டைப் பிரித்து, “மரக்கடைப் பின்மனையோட அளவு தப்பு. தெரிஞ்சேதான் தப்பா எழுதினேன். எழுதினது நான். சரியான அளவு இது” என்று வாசித்தேன். தலைவர் என்னைப் பார்க்கவில்லை, தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

மரக்கடைக்காரர் கோபப்படவே இல்லை. மெதுவாக எழுந்து, “அப்போ மத்த அளவெல்லாம் மட்டும் சரின்னு நாங்க எப்படிம்மா நம்புறது?” என்று கேட்டார். நோட்டை மூடினேன். என்ன பதில் சொல்லியிருந்தாலும் அன்றைக்கு அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆதரவு நான்கு, எதிர்ப்பு ஐந்து. திட்டம் விழுந்துவிட்டது. அடுத்த மன்றம் வந்துதான் முதலிலிருந்து அளக்க வேண்டுமாம், அதற்கு ஒன்றரை வருடம் ஆகும். உண்மையைச் சொன்னதால் நூற்று எண்பதும் போயிற்று. வெளியே வரும்போது செயின்மேன் பக்கத்தில் நடந்து வந்தார். “நீங்க சொன்னது சரிதாம்மா. சொல்லாம இருந்திருந்தாலும் சரியாத்தான் இருந்திருக்கும்” என்றார். இன்றுவரை அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என்னைப் பழைய கோப்புகள் இருக்கிற அறைக்கு மாற்றிவிட்டார்கள். நிரந்தரத் தாள் திரும்பிப் போய்விட்டது. இந்த அறையில் ஜன்னல் உயரத்தில் இருக்கிறது, தெருவில் போகிறவர்களின் கால் மட்டும் தெரிகிறது.

தடை நீங்கிவிட்டதால் பழைய உரிமை அப்படியே இருக்கிறது. நீ இப்போது வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். படிவம் இதோடு வைத்திருக்கிறேன். சட்டம் உன்னைத் தடுக்காது.

அக்கா

*

ஆகஸ்ட் 8

அக்கா,

உன் இரண்டு கடிதமும் வந்தன. மருந்து தவறாமல் போடுகிறேன். அவளிடம் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தபாலில் போடவில்லை. தபால் பெட்டி வரை போய்த் திரும்பி வந்தேன். நீயும் ஒரு தடவை தெருமுனை வரை போய்த் திரும்பியிருக்கிறாயே, அது மாதிரி.

நீ சொல். கட்டலாமா? அலுவலகத்துக்காரியாகச் சொல்ல வேண்டாம், அக்காவாகச் சொல்.

தம்பி

*

ஆகஸ்ட் 15

என் தம்பிக்கு,

கட்டாதே.

மரக்கடைக்காரர் பின்மனையில் கிடங்குக்கு அஸ்திவாரம் தோண்டியாயிற்று. தோண்டிய குழியில் தண்ணீர் ஊறி ஊறி வருகிறது. பகலெல்லாம் பம்பு வைத்து இறைத்துக்கொண்டே கான்கிரீட் போடுகிறார்கள். அவரால் முடியும். கிடங்கு போனால் இன்னொரு கிடங்கு கட்டுவார். நீ ஒரே ஒரு தடவைதான் கட்ட முடியும். சுவரையும் படியையும் கையால் பழகி வைத்திருக்கிற வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால், எந்தப் பக்கம் வாசல் என்று உனக்கு யார் சொல்வது? அளந்தது நான். அந்த ஒரு சாண் மெய்.

இதை ஏப்ரலிலேயே அக்காவாகச் சொல்லியிருக்க வேண்டும். வரைபடத்தைக் காட்டிச் சமாளித்தேன். ஏன் என்று உனக்குத் தெரியும். உன் மனைவி சொன்னாள் என்று நீ எழுதாமல் விட்டாயே, அது என்ன என்பதும் எனக்குத் தெரியும். இந்த வீட்டில் இரண்டு அறை பூட்டிக் கிடக்கிறது. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு ஆறு வருடமாகப் பூட்டித்தான் வைத்திருக்கிறேன். உள்ளே ஒரு கட்டிலும், பழைய வரைபடச் சுருள்களும், அவருடைய இரண்டு சட்டைகளும்தான் இருக்கின்றன.

நீ ஒரு தடவை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ கேட்க மாட்டாய் என்று தெரிந்துதான் அப்படிச் சொல்லிக்கொண்டேன். தனியாக இருந்து பழகிவிட்டது தம்பி. விசில் வரும் குக்கரை நானே நிறுத்த வேண்டும், வேறு யார் காலடியும் கேட்கக் கூடாது என்று ஆகிவிட்டது. உன் மனைவியின் வாய்க்குப் பயந்தேன் என்பதும் உண்மை. நீ எட்டுப் பேரோடு படுத்துக் கிடந்த வருடங்களில் நான் இரண்டு அறையைப் பூட்டிச் சாவியைப் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். உனக்கு நீலம் அடித்தது வரைபடம் மட்டும் இல்லை.

அறைகளை நேற்றுத் திறந்தேன். சுவரில் ஓதம் ஏறவில்லை. வாருங்கள்.

அக்கா

*

செப்டம்பர் 2

அக்கா,

இதை நானே எழுதுகிறேன். கிரேன்காரர் ஓர் அட்டையில் வரி வரியாகப் பிளவு வெட்டிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பிளவுக்குள் பேனாவை ஓட்டினால் கோணாமல் போகிறது. எழுத்து ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுத்துக்கொள். உன் முதுகுக்கு அந்தக் கோப்பு அறையின் ஈரம் ஆகாது, நாற்காலியையாவது மாற்றிக் கேள்.

உன் கடிதத்தை அவர்தான் படித்துக் காட்டினார். அறைகளைப் பற்றிய இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, “இத நான் படிக்கலாமாப்பா?” என்றார். படியுங்கள் என்றேன். முடித்துவிட்டுத் தாளை மடித்துக் கொடுத்தார். டீ வாங்கி வருகிறேன் என்று போனவர் வெகு நேரம் வரவில்லை.

கோபம் போய்விட்டது என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்க் கணக்காகிவிடும். பதினொரு வருடம் நான் கேட்கவில்லை, நீ தரவில்லை. அதில் பாதி என் வீம்பு. என் அட்டைப் பெட்டி வீட்டை இன்னும் கிழிக்கவில்லை, கிழிக்கச் சொல்லாதே. நிலத்தை நாற்றுக்கார அம்மா குத்தகைக்குக் கேட்கிறாளாம். அந்த முடிவை நீ எடுக்காதே. வந்து நான் எடுக்கிறேன்.

அவள் முதலில் அழுதாள். பிறகு எந்த அறையில் காலை வெயில் வரும் என்று கேட்டாள். பிறகு, “சமையல்கட்டுல யார் சொல்றது நடக்கும்னு மொதல்லயே பேசிக்கணும்” என்றாள். ஆகவே வந்த மறுநாளே சண்டை இருக்கிறது, தயாராக இரு. மகள் அந்த இரண்டு சட்டையையும் எடுத்துவிட வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லச் சொன்னாள்.

இதற்குப் பதில் எழுதாதே. இன்னொருவர் படித்துத்தான் இனி எனக்குத் தெரிய வேண்டும். அப்படிக் கேட்கும்போது வார்த்தைதான் வருகிறது, நீ எந்த இடத்தில் பேனாவை நிறுத்தி யோசித்தாய் என்பது வருவதில்லை. பதினெட்டாம் தேதி காலை பஸ்ஸில் இறங்குகிறேன். நிறுத்தத்தில் வந்து நில், பெயர் சொல்லிக் கூப்பிடு. எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று எனக்குக் குரலை வைத்துத்தான் தெரியும்.

தம்பி